மாமா என்னா சட்ட போட்டுகினு இருக்காரு?

போன ஆயுத பூஜைக்கு, நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை அழைத்துப் பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்புவது அங்கே வழக்கம். நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்தான். ஆனாலும் அந்த ஸ்டேஷன் ஜீப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது பல வருஷம் நான்தான். அந்த உரிமையில் போயிருந்தேன்.

புதிதாக வேலைக்கு வந்த கான்ஸ்டபிள்கள் சிலர் ஒரு செல்போனைச் சுற்றி நின்றிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் மெதுவாக நடந்து வருகிறான். பின்னால் கார்கள். பறையும் டிரம்ஸும் சேர்ந்து அதிரும் இசை. கீழே எழுத்து ஓடுகிறது: ‘மறைந்தும் வாழும் மந்தாரக்குப்பத்து மாவீரன் சரவணன் அண்ணன்.’

அதில் ஒரு பையன் என்னைப் பார்த்துக் கேட்டான். “மேடம், நீங்க இவர நேர்ல பாத்திருக்கீங்களாமே? செம கெத்தா இருப்பாராமே?”

இவர். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு, ஒரு கொலைகாரனை ‘இவர்’ என்கிறான். பொரித் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் அந்தத் தலைகள் குனிந்தது வயசான பொம்பளைக்கு மரியாதை கொடுத்து. விஷயம் புரிந்து அல்ல. அது எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் நெல்லிக்குப்பம். அப்பாவுக்குக் கரும்பு ஆலையில் வேலை. பிளஸ் டூ முடித்ததும் போலீஸ் தேர்வு எழுதினேன், உயரம் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் காலத்தில் முட்டி தேய்ந்ததும் முதல் முறையாக ஒரு பிணத்துக்குக் காவல் நின்றதும்தான் நினைவில் இருக்கிறது. பிறகு தேர்த் திருவிழா பந்தோபஸ்து, மகளிர் காவல் நிலையம், கோர்ட் டியூட்டி என்று வருஷங்கள் ஓடின. சிறப்பு எஸ்.ஐ. ஆன பிறகுதான் நெய்வேலிப் பக்கம் வந்தேன்.

நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள் இருப்பவர்களுக்கு எங்களிடம் அதிகம் வேலை இருக்காது. சைக்கிள் காணோம், குவார்ட்டர்ஸில் முந்திரி மரத்துக்காகச் சண்டை, அவ்வளவுதான். ஆர்ச் கேட்டைத் தாண்டி மந்தாரக்குப்பம் வந்தால் கதை வேறு. வாடகை வீடுகள், லாரி ஷெட்டுகள், பழைய இரும்புக் கடைகள், எல்லா மாவட்டத்திலிருந்தும் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து குவிந்த ஜனங்கள். அங்கேதான் தணிகாசலம் இருந்தான்.

சினிமாவில் வரும் தாதாவைப்போல அவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். தொந்தி வைத்த, சர்க்கரை வியாதிக்காரன். தனியார் கான்ட்ராக்டர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பான். பழைய இரும்பு ஏலத்தில் வேறு யாரும் கை தூக்காமல் பார்த்துக்கொள்வான். தூக்கினால் அந்தக் கை உடையும். கூலி கேட்டுச் சங்கம் வைக்கப் பார்த்த ஒரு வெல்டரின் இரண்டு முழங்கையையும் உடைத்துப் போட்டவன் அவன்தான். அந்த வெல்டருக்கு மனைவி சோறு ஊட்டிவிடுவதை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். ஆகவே தணிகாசலம் நல்லவன், அவனைப் பாவிகள் கொன்றுவிட்டார்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

அவன் மனைவி அமுதா. அமுதாவின் தம்பிதான் வீடியோவில் நடந்து வரும் சரவணன். அப்பா செத்துப்போனதும் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தவன். தணிகாசலம்தான் சோறு போட்டான், பைக் வாங்கிக் கொடுத்தான், தொழிலும் கற்றுக்கொடுத்தான். இடக்கை, வலக்கை எல்லாம் அவன்தான். ஊரில் யாரும் அவனைச் சரவணன் என்று கூப்பிட்டதில்லை. ‘தணிகா மச்சான்’ என்பார்கள். போலீஸ் ரெக்கார்டில்கூட அப்படித்தான் இருந்தது.

தணிகாசலத்தின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. கல்யாண மண்டபம், பிரியாணி, ஊர் முழுக்க பிளெக்ஸ். தாய்மாமன் என்ற முறையில் சரவணன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தான். அதில் மாமாவுக்கு ஒரு சட்டையும் இருந்தது. பளபளக்கும் கத்திரிப்பூ நிறம்.

விழா முடிந்து இரண்டொரு நாளில் காலை நேரத்தில் தணிகாசலம் தனியாக பைக்கில் போனான். எப்போதும் பின்னால் வரும் ஆட்கள் அன்று இல்லை. மண்டபத்துக்கு வாடகைப் பாத்திரம் திருப்பிக் கொடுக்கச் சரவணன் அவர்களை அனுப்பியிருந்தான். தணிகாசலம் தலையில் ஹெல்மெட். டவுன்ஷிப்புக்குள் ஹெல்மெட் இல்லாமல் விடமாட்டார்கள், ரவுடிக்கும் அதே சட்டம்தான். ஆர்ச் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பஞ்சர் கடை வாசலில், மூன்று பேர் அவனை மறித்து வெட்டினார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைகளின் ஷட்டர் எல்லாம் இறங்கிவிட்டது. பஞ்சர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரசர் மட்டும் நிறுத்த ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் கழற்றப்படவே இல்லை. முகத்தைப் பார்க்காமலே வெட்டியிருக்கிறார்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் அதைத்தான் முதலில் கவனித்தார்.

“மேரிம்மா, மூஞ்ச பாக்காம இவர்தான்னு எப்படிங்க தெரிஞ்சிது?” என்றார்.

இன்ஸ்பெக்டர் கோவிந்தனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கைதியையும் அப்படித்தான். அவர் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. அதனால் மற்ற ஸ்டேஷன்காரர்கள் அவரை ‘வாத்தியார்’ என்று கேலி செய்வார்கள். விசாரணைக்கு வந்தவனை எதிரில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததைச் சொல்லச் சொல்வார். குறுக்கே பேச மாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரிங்க, இப்ப கடைசிலேருந்து சொல்லுங்க” என்பார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். நிஜமாகவே ஒரு காரியம் செய்தவன் தட்டுத் தடுமாறினாலும் வந்துவிடுவான். அவன் கண்ணுக்குள் அந்தக் காட்சி இருக்கிறது. மனப்பாடம் செய்தவனால் ஒரு படி கூடப் பின்னால் இறங்க முடியாது. இதை அவரிடம் நான் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

மறுநாளே வெளி மாவட்டத்துக் கோர்ட் ஒன்றில் மூன்று பேர் சரணடைந்தார்கள். தணிகாசலத்தை நாங்கள்தான் கொன்றோம், முன்விரோதம் என்று. மேலதிகாரிகளுக்குப் பெரிய நிம்மதி. பத்திரிகைக்காரர்களுக்குச் செய்தி கொடுத்தாயிற்று. “அதான் சரண்டர் ஆயிட்டாங்களே, சார்ஜ் ஷீட்ட போட்டு முடிங்க” என்று போன் வந்தது.

அன்று மதியம் கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஸ்டேஷனுக்கு வந்தார். பெயர் பூங்காவனம். கூலி வேலை செய்பவர். நடவு வயலிலிருந்து நேராக வந்ததால் காலில் சேறு காய்ந்திருந்தது. சரணடைந்தவர்களில் விஜி என்பவன் இவருடைய மகன். சென்ட்ரி உள்ளே விடவில்லை. சத்தம் கேட்டு நான் போனேன்.

“அன்னிக்குக் காத்தால எம்புள்ள எங்கூட நடவு வயல்ல நாத்துக்கட்டு தூக்கினு இருந்தாங்கம்மா. ஊரே பாத்துது. வந்து கேளுங்க. அவன் எப்படிங்க இங்க வந்து வெட்டுவான்?”

“அவனே ஒத்துக்கினானேம்மா, ஜட்ஜ் முன்னால.”

“அவன் கோழி அறுக்கறப்பவே அந்தாண்ட திரும்பிக்கினு நிப்பான்மா.”

அவரை இன்ஸ்பெக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். முழுக்கக் கேட்டார். அடுத்த நாளே மூன்று பேரையும் போலீஸ் கஸ்டடிக்குக் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டார். மேலே இருந்து மறுபடி போன். “எதுக்குய்யா தேவையில்லாத வேலை?” என்று அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. “சரிங்க சார், சரிங்க சார்” என்று கேட்டுக்கொண்டு, போனை வைத்துவிட்டு, ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

விஜிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எதிரில் உட்கார்ந்து கடகடவென்று ஒப்பித்தான். எங்கே நின்றோம், யார் முதலில் வெட்டினார்கள், எந்தப் பக்கம் ஓடினோம், எல்லாம். ஒரு வார்த்தை பிசகவில்லை.

“நல்லா சொல்றீங்க தம்பி. ஓடிப் போயி பஸ் ஏறுனீங்கல்ல? அங்கேருந்து பின்னால வாங்க.”

விஜி வாயைத் திறந்தான். மூடினான். “பஸ் ஏறுனோம் சார்... மொதல்ல நாங்க பஞ்சர் கடைகிட்ட நின்னுகினு இருந்தோம்...” என்று மறுபடி ஆரம்பத்துக்கே போனான்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. மூன்று பேரையும் சம்பவ இடத்துக்கு அழைத்துப் போனோம். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தச் சொன்னார். “நீங்க முன்னால நடங்க தம்பி. எந்த எடம்னு காட்டுங்க, நாங்க பின்னால வர்றோம்.” அந்த ரோட்டில் பஞ்சர் கடைகள் இரண்டு உண்டு. விஜி சரியான கடையைத் தாண்டி, ரத்தக் கறைமேல் போட்டிருந்த மணலையும் மிதித்துக்கொண்டு நடந்து, லாரி எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கடை வாசலில் போய் நின்றான். எங்கள் முகத்தைப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எங்கம்மாகிட்ட சொல்லலைங்க சார். மூணு மாசத்துல பெயில்ல எடுத்துடுவோம், வந்ததும் கான்ட்ராக்ட்ல சேத்து வுடுவோம்னு பாபு சொன்னாருங்க. நெலமெல்லாம் சுரங்கத்துக்குப் போயிட்டுதுங்க. நான் வேல கேட்டு அலையாத எடமில்லைங்க.”

ஒரு வேலைக்காக. மண்வெட்டி பிடிக்கும் வேலைக்காக ஒருவன் ஆயுள் தண்டனைக்குத் தலையை நீட்டுகிறான். நீட்டச் சொன்னவன் வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். இந்தக் கதைக்கு யார் இசை போட்டு வீடியோ விட்டார்கள்?

பாபு என்பவன் சரவணனின் கூட்டாளி. அவன்தான் வெளியூரிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து வெட்ட வைத்தவன், தானும் கூட நின்றவன். இது பிறகு தெரிந்தது. அப்போது எங்களிடம் இருந்தது செல்போன் விவரம் மட்டும்தான். வெட்டு விழுவதற்குச் சற்று முன்னால் சரவணன் தன் அக்கா அமுதாவுக்குப் பேசியிருக்கிறான். அதை வைத்த கையோடு பாபுவுக்குப் பேசியிருக்கிறான். அக்காவிடம் என்ன கேட்டான்? அது அமுதா ஒருத்திக்குத்தான் தெரியும்.

“மேரிம்மா, நீங்க போய்ப் பேசுங்க. யூனிபார்ம் வேணாம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் சாதாரணப் புடவையில் போனேன். துக்க வீட்டில் சரவணன்தான் எல்லாம். பந்தல் போட்டவன் அவன். அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்தவன் அவன். “மேடம், டீ சாப்டுங்க” என்று எனக்குத் தம்ளரை நீட்டினான். அமுதாவைச் சுற்றிச் சொந்தக்காரப் பெண்கள், பக்கத்திலேயே அவளுடைய அம்மா. பேச முடியவில்லை. அடுத்த முறையும் அப்படியே. ஆனால் இரண்டு முறையும் அமுதா என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

“மேடம், அவரு போட்டுகினு இருந்த சட்ட எங்கங்க இருக்குது?”

கோர்ட்டில் ஒப்படைக்கப் போகிறோம், பிறகு கேட்டு வாங்கலாம் என்று சொன்னேன். புருஷன் நினைவாகக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது முறை போனபோது சொந்தக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். அம்மா கடைக்குப் போயிருந்தார். மகள் உள்ளே படுத்திருந்தாள். அமுதா மறுபடியும் சட்டையைக் கேட்டாள். நான் கேட்டேன், “ஏம்மா அந்தச் சட்டையவே கேக்குற?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் என் வளையல் சதையில் அழுந்தியது.

“நாந்தாங்க சொன்னேன்.”

“என்னா சொன்ன?”

“அன்னிக்குத் தம்பி போன் பண்ணான். மாமா கெளம்பிட்டாரான்னு கேட்டான். கெளம்பிட்டாருடான்னேன். மாமா என்னா சட்ட போட்டுகினு இருக்காருன்னு கேட்டான். நான் சிரிச்சிகினே சொன்னேங்க. நீ சீர்ல வெச்சியேடா, கத்திரிப்பூ கலரு, அதத்தான் ஆசையா போட்டுகினு போறாருன்னு சொன்னேன்.”

அவள் அழவில்லை. அதற்கு மேல் அழ அவளிடம் ஒன்றும் இல்லை. வெட்ட வந்தவர்களில் இரண்டு பேர் வெளியூர்க்காரர்கள். தலையில் ஹெல்மெட். கூட நின்ற பாபுவுக்கே முகம் தெரியாது. சட்டை தெரியும். கட்டின பெண்டாட்டி வாயாலேயே அடையாளம் வாங்கியிருக்கிறான், கூடப் பிறந்தவன்.

என் கையை விட்டுவிட்டு அவள் கேட்டாள். “இத்த நான் ஜட்ஜ்கிட்ட சொன்னா எந்தம்பி என்னா ஆவான்?”

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஜெயிலுக்குப் போவான்மா. ஆயுசுக்கும் இருக்கலாம்.”

“சொல்லலன்னா?”

“கம்மாபுரத்துப் பையன் ஒருத்தன் உள்ள இருக்கான். அவன் வெளிய வர்றது கஷ்டம்.”

“அவனுக்கு அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். “எங்கம்மா வர்றதுக்குள்ள போலாம் வாங்கக்கா” என்றாள். அப்போதுதான் முதல் முறையாக என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

மாஜிஸ்திரேட் முன்னால் அமுதா வாக்குமூலம் கொடுத்தாள். போலீஸ்காரர்களான எங்களை வெளியே அனுப்பிவிட்டு, யாராவது சொல்லச் சொன்னார்களா, பயமுறுத்தினார்களா என்று கேட்டு, யோசிக்க நேரம் கொடுத்து, அதன் பிறகுதான் எழுதுவார்கள். நான் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். அவள் மனம் மாறிவிடுவாளோ என்று எனக்கு உதறல். மாறவில்லை. அன்றே சரவணனையும் பாபுவையும் கைது செய்தோம். அவர்கள் காட்டிய வழியில் அந்த இரண்டு வெளியூர்க்காரர்களும் சிக்கினார்கள்.

சரவணன் ஸ்டேஷனில் என்ன சொன்னான் என்பதை வீடியோ பார்க்கும் பையன்கள் கேட்க வேண்டும். ஏனப்பா செய்தாய், சோறு போட்ட மனுஷனை, என்று நான்தான் கேட்டேன்.

“எம்பேரு எத்தினி பேருக்கு மேடம் தெரியும்? எங்க போனாலும் தணிகா மச்சான், தணிகா மச்சான். நாந்தான் எல்லா வேலயும் செய்றேன். சடங்குக்கு வெச்ச பிளெக்ஸ்ல என் போட்டோவ எங்க போட்டாருன்னு பாத்தீங்களா? கீழ ஒரு மூலைல, ஸ்டாம்பு சைசுல. தாய்மாமன் மேடம் நான்.”

இதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை. ஏதோ பெரிய லட்சியம், பழி, நியாயம் என்று தேட வேண்டாம். பிளெக்ஸில் படம் சின்னதாக இருந்தது. ஒரு பெண் தாலியறுத்தாள்.

இன்ஸ்பெக்டர் ஃபைலிலிருந்து நிமிராமலே சொன்னார். “கவலப்படாதீங்க சரவணன். இனிமே உங்க பேர முழுசா எழுதுறோம். அப்பா பேரோட.”

விஜியும் மற்ற இரண்டு பேரும் வழக்கிலிருந்து நீக்கப்பட்டு வெளியே வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்தது மாறுதல் உத்தரவு. வழக்கே வராத ஒரு அலுவலகத்தில் நாற்காலி. யாரும் காரணம் சொல்லவில்லை. போகும்போது என்னிடம், “அந்த அமுதாவ மட்டும் பாத்துக்கோங்க மேரிம்மா” என்றார். அவ்வளவுதான் அவருடைய பிரிவுபசாரம்.

அமுதாவை அவள் அம்மா வீட்டுப் படி ஏற்றவில்லை. “கூடப் பொறந்தவன காட்டிக் குடுத்தவ” என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். சொந்தங்கள் பேச்சை நிறுத்தின. அவள் மந்தாரக்குப்பத்திலேயே ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து மகளைப் படிக்க வைத்தாள்.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் சரவணன் பெயிலில் வந்துவிட்டான். வந்தவன் நேராகத் தணிகாசலம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான். இப்போது ஊர் முழுக்க அவன் பெயர். பாபுவும் பெயிலில் வந்தான். வெள்ளைச் சட்டை, கார்கள், அந்த வீடியோ எல்லாம் அந்தச் சில மாதங்களில் எடுத்ததுதான். பிறகு ஒரு நாள் காலை, பெயில் நிபந்தனைப்படி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய சரவணனை, பஸ் ஸ்டாண்டு வாசலில் பாபுவே வெட்டினான்.

பாபுவைப் பிடித்து வந்தபோது அவன் என்னிடம் சொன்னதில் ஒரு துளி வருத்தம் இல்லை. “சோறு போட்ட மாமாவையே போட்டவரு மேடம் அவரு. நாளைக்கு என்ன உட்ருவாரா? அவரு முந்திக்கறதுக்குள்ள நான் முந்திக்கினேன்.” கணக்கு பாடம் மாதிரிச் சொன்னான். அண்ணன், தம்பி, உயிர் நண்பன் என்று இவர்கள் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுப்பதெல்லாம் இதற்குத்தான்.

சரவணனின் சவ ஊர்வலத்துக்கு நாங்கள் பந்தோபஸ்து. கடைகளை அடைக்கச் சொல்லி மிரட்டி அடைத்தார்கள். சைலன்சர் கழற்றிய பைக்குகள், வெடி, குடித்துவிட்டு ஆடும் இளவட்டங்கள். “பிரச்சினை பண்ணாதீங்க, போக வுடுங்க” என்று எங்களுக்கு உத்தரவு. கொலை வழக்கில் முதல் குற்றவாளிக்கு அரசாங்கச் செலவில் வழிவிட்டு நின்றோம்.

ஊர்வலம் போக வேண்டிய ரோடு வேறு. வேண்டுமென்றே அமுதாவின் தெருவுக்குத் திருப்பினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பெண் போலீசைக் கூட்டிக்கொண்டு சந்து வழியாக ஓடி, அவள் வாசலில் போய் நின்றேன். பாடையை அவள் வீட்டுக்கு எதிரிலேயே இறக்கி வைத்தார்கள். பறை உச்சத்துக்கு ஏறியது. “காட்டிக் குடுத்தவளே, வெளிய வாடி!” என்று ஒருத்தன் கத்தினான். ஒரு கல் வந்து கதவில் விழுந்தது. உள்ளே அவள் மகள் வீறிட்டாள். நான் லத்தியைக் குறுக்கே பிடித்தேன். கூட்டம் எங்களை மிதித்துக்கொண்டு உள்ளே போக நினைத்தால் எங்களால் தடுக்க முடிந்திருக்காது. அது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

கதவு திறந்தது. அமுதா ஒரு குடம் தண்ணீரோடு வெளியே வந்தாள். வேண்டாம்மா என்று நான் தடுத்ததை அவள் கேட்கவில்லை. என்னைத் தாண்டி, பாடைக்கு நேராகப் போனாள். தம்பியின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

“எந்தம்பிடா இவன். எங்கையால சோறு ஊட்டி வளத்தேன். உங்கள்ல எவன்டா இவனுக்காக அழுவுறான்? ஒருத்தன் கண்ணுல தண்ணி இருக்குதா, காட்டுங்கடா!”

பறை அடிப்பவர் முதலில் கையை நிறுத்தினார். வயசானவர். அவர் நிறுத்தியதும் மற்ற சத்தமும் தேய்ந்தது. அமுதா குடத்துத் தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள். “தூக்கிகினு போங்கடா” என்றாள். தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவளுடைய அழுகை கேட்டது. புருஷனுக்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன்.

செத்துப்போனதால் சரவணன்மேல் இருந்த வழக்கு அதோடு முடிந்தது. தணிகாசலம் கொலைக்காகப் பாபுவுக்கும் அந்த இரண்டு வெளியூர்க்காரர்களுக்கும் விசாரணை நடந்தது. பஞ்சர் கடைக்காரர் கூண்டில் ஏறி, தான் ஒன்றும் பார்க்கவில்லை என்றார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் அப்படியே. அமுதா மட்டும் சொன்னதையே சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை.

“அடையாளம் சொன்னது நீங்க. அப்ப உங்க புருஷன் கொலையில உங்களுக்கும் பங்கு இருக்குன்னு நான் சொல்றேன்.”

“என் வாயாலதாங்க போனாரு. அத நான் தெனமும் சொல்லிகினுதான் இருக்கேன். அக்காகிட்ட தம்பி கேட்டா, சொல்ல மாட்டாளாங்க?”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பாபுவுக்கும் மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. நான் அந்த வருஷமே ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் பூங்காவனம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். விஜிக்கு ஒரு தனியார் கான்ட்ராக்டில் வேலை கிடைத்திருந்தது. போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனில் கொடுக்க மறுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் கொலை வழக்கு என்று வருகிறதாம்.

நான் கூடப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன், “பேரு சிஸ்டத்துல இருக்குதே மேடம், நான் என்ன பண்றது?” என்றான். அவன் குற்றவாளி இல்லை என்று கண்டுபிடித்ததே இந்த ஸ்டேஷன்தானப்பா என்றேன். “அது இதுல வரலியே மேடம்.” அங்கிருந்து மேல் அலுவலகம், அங்கிருந்து கோர்ட், கோர்ட் உத்தரவின் நகலோடு மறுபடி ஸ்டேஷன். ஒவ்வொரு இடத்திலும் நான் சண்டை போட்டேன். சர்வீஸில் இருந்தபோதுகூட அவ்வளவு சண்டை போட்டதில்லை. கடைசியில் கொடுத்தார்கள். அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். விஜி திருப்பூருக்குப் போய்விட்டான்.

சான்றிதழைக் கம்மாபுரத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். பூங்காவனம் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். உங்கள் மகன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதியிருக்கிறது என்று சொன்னேன்.

தாளை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏங்கம்மா, அந்தப் பாபு ஆளுங்க எல்லாம் இன்னிக்கும் அதே கான்ட்ராக்ட்ல மேஸ்திரி வேல பாக்கறாங்களே. அவங்களுக்கு இத்த யாருங்க குடுத்தது?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். போலீஸில் இத்தனை வருஷம் இருந்தவள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.